உறங்குவனவும் எழுப்புவனவும்

எம் பழைய தோழர் ஒருவர் கல்லீரற் புற்றுநோயால் மாண்டபோது, மதுவே காரணம் என யாம் உள்ளத்துள் ஐயுற்றோம். அது பெரும்பிழை. அவர் ஒருநாளும் மது அருந்தியவரல்லர். ஹெபடைடிஸ் பி வைரஸ் நெடுங்காலமாக அவருடலில் குடிகொண்டிருந்ததென மருத்துவர் உரைத்தனர்.

மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 17 சதவீதம் லைன்-1 எனும் இடம்பெயரும் கூறுகளாகும். அவற்றுட் பெரும்பாலானவை செயலிழந்தவை. எஞ்சிய சிலவற்றை உயிரணு அடக்கி வைக்கின்றது. நாட்பட்ட வைரஸ் தொற்றால் அவ்வடக்கம் தளருமாயின், அவை தம்மைப் படியெடுத்து வேறிடங்களில் நுழைந்து, புற்று வளர ஏதுவாகலாம். பி, சி வைரஸ்களால் நோயுற்றோர் சிலரின் ஈரற் கட்டிகளில் அத்தகைய புதிய நுழைவுகள் காணப்பட்டமையை 2013-இல் அறிஞர் வெளியிட்டனர்.

மாணவ நண்பர்களே! பி வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. யாம் எம் குருதியைச் சோதிப்பித்து, அதனை இட்டுக்கொண்டோம். தோழரிடம் கேட்கவியலாத மன்னிப்பை வேறெங்ஙனம் கேட்போம்?