அடி தெரியாத துண்டு

“ஒரு துண்டுத் தோல். புற்றா இல்லையா என்று சொல்ல இத்தனை நாளா?” போனில் கேட்டவர் இளம் அறுவை மருத்துவர். ஓய்வுக்குப் பிறகும் புதுச்சேரியில் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இப்போதெல்லாம் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அவர் அனுப்பியிருந்தது, உள்ளங்கால் புண்ணின் நடுவிலிருந்து சுரண்டியெடுத்த கடுகளவு அழுகல். கோரிக்கைத் தாளில் ‘ஆறாத புண்’ என்று இரண்டே சொல். எத்தனை வருடப் புண், தொழுநோயால் மரத்த காலா, பழைய தீத்தழும்பா, முள் குத்தி வந்த பூஞ்சையா, ஒன்றும் கிடையாது.

இதெல்லாம் எதற்கு என்பார்கள். நாள்பட்ட புண்ணின் ஓரத்தில் மேல்தோல் நாக்கு நாக்காகக் கீழே இறங்கும்: சூடோஎபிதீலியோமேட்டஸ் ஹைப்பர்பிளேசியா. இது புற்றல்ல. புற்றான ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவும் அப்படித்தான் இறங்கும். இரண்டிலும் செல்கள் பிரிந்து பெருகும். இரண்டிலும் கெரட்டின் முத்து தெரியும். மெலனோமா சந்தேகமென்றால் எஸ்-100, எச்எம்பி-45 என்று சாயங்கள் கைகொடுக்கும். இங்கே நம்பி முடிவு சொல்லத்தக்க சாயமே இல்லை. நாக்குகள் அடியில் எங்கே போய் நிற்கின்றன, மேல்தோலோடு தொடர்பு அறுந்து உள்தோலின் ஆழத்துக்குள் புகுந்துவிட்டனவா என்றுதான் பார்க்க வேண்டும். அடியே இல்லாத துண்டில் எதைப் பார்ப்பது? உச்சிக்கிளையை ஒடித்து வந்து வேரின் ஆழம் கேட்கிற கதை.

மெழுகில் பதிக்கும்போதும் கண் வேண்டும். துண்டு சாய்ந்துவிட்டால் நல்ல தோலின் மடிப்புகள்கூடக் குறுக்கே வெட்டுப்பட்டு, புகுந்த புற்றைப் போலவே காட்டும். அதனால்தான் என் ஆசிரியர் எங்களை டெக்னீஷியன் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கவைத்தார். தாளைப் படிக்காமல் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் ஸ்லைடை உருவிக்கொள்வார். தாளில் விவரம் இல்லையென்றால் வார்டுக்கு விரட்டுவார். புண்ணை நேரில் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போவோம், ஆனால் போவோம். இன்றைய பிள்ளைகள் செல்போனில் ஸ்லைடைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் கருத்துக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது!

உள்ளங்காலில் இன்னொரு எமகாதகன் உண்டு. 1954-ல் ஏர்ட் குழுவினர் விவரித்த குனிகுலேட்டம் என்ற புற்று. செல்கள் அவ்வளவு சாது. மேலோட்டமாக எடுத்த பயாப்சியில் மரு என்றே ரிப்போர்ட் போகும். அது உள்ளே எலும்பை நோக்கித் துளைத்துக்கொண்டிருக்கும்.

பழைய தழும்பில் எழும் புற்றை மார்ஜோலின் புண் என்கிறோம். அந்தப் பிரெஞ்சு மருத்துவர் தழும்புப் புண்ணைப் பற்றி எழுதியது 1828-ல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஜிப்மர் அதன் வழி வந்ததுதான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, தழும்பு இருக்கிறதா என்று நான் போன் போட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தம்பிகளே, புண்ணின் ஓரத்தில், பக்கத்து நல்ல தோலும் சேர்ந்து வரும்படி, கொழுப்பு தெரியும் ஆழத்துக்கு வெட்டுங்கள். துண்டைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றுங்கள். எத்தனை வருடப் புண் என்று எழுதுங்கள். துண்டு போதாது என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி எடுத்து அனுப்புங்கள். அதற்குள் காலை எடுக்கத் தேதி குறித்துவிடாதீர்கள்.