ஒரத்தநாட்டுச் சத்திரம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் சுமார் 15 மைல் சென்றால் ஒரத்தநாடு. அங்கே நாம் காணச் சென்றது முக்தாம்பாள் சத்திரம். தமது அன்புக்குரிய மாதரசியின் பெயரால் சரபோஜி மன்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேர் போல அதன் அடித்தளத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.

சத்திரம் என்றால் சோறு என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். ஆனால் 1801-ல் கும்பெனியாரின் ரெஸிடெண்டான டாரினுக்குச் சரபோஜி எழுதிய கடிதத்தைப் பார்க்கவேண்டும். தமது சத்திரங்கள்தோறும் உபாத்தியாயர் உண்டு என்கிறார். அயலூரார் விட்டுச் சென்ற அநாதைக் குழந்தைகளை அவர் வசம் ஒப்புவிப்பார்களாம். மூன்று வேளை உணவு, நாலு நாளைக்கொரு முறை எண்ணெய் முழுக்கு, உடை, மருந்து, பிள்ளை விரும்பிய வித்தை. படித்து முடித்தபின் கலியாணச் செலவுகூட! இத்தனை வருஷ உத்தியோகத்தில் எண்ணெய் முழுக்கை நினைவில் வைத்த சுற்றறிக்கை ஒன்றையும் நாம் கண்டதில்லை. மன்னரும் மராட்டியத்திலிருந்து வந்து குடியேறிய வம்சத்தவரே அல்லவா?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. நாற்று நட்ட பண்ணையாளின் குழந்தைக்கு அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் இடமில்லை. அத்தகைய ஏழைக் குடும்பங்கள்தாம் பின்னர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குப் போயின. அங்கே அவர்கள் அயலார்.

7 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் பள்ளியை ஒப்புவித்தது யாரிடம்? கூலியாட்கள் குறையாமல் இருக்கவேண்டும் என்று விரும்பியவர்களிடம்! ஒரு கொட்டகை, பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். தமிழ் ஆரம்ப வகுப்போடு வழி அடைபட்டது. மேற்படிப்பு நகரத்திலே, இங்கிலீஷிலே. 1957-ல் அந்நாடு சுதந்திரம் பெற்றபின்னும் தமிழ்ப் பள்ளி ஆரம்பக் கல்வியைத் தாண்டவில்லை.

இன்று காவிரிப் படுகையில் நாற்று நட வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தமிழகத்துச் செங்கற் சூளைகளுக்கு ஒடிஸாவிலிருந்து வருவோர் பிள்ளைகளையும் அழைத்து வருகின்றனர். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை எந்தக் குழந்தையையும், வருஷ நடுவில் வந்தாலும், பள்ளி திருப்பி அனுப்பலாகாது. இயன்றவரை தாய்மொழியிலேயே பாடம் சொல்லவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. கடைசிப் பெஞ்சியில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் அக்குழந்தையிடம் ஒடியாவில் பெயர் கேட்கத் தெரிந்த உபாத்தியாயர் நம்முள் எத்தனை பேர்?