மாசி வெயிலும் பழைய டிராக்டரும்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் மாசி பிறந்துவிட்டால், இரண்டு பக்கமும் வயலில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடக்கும். சம்பா அறுத்த இயந்திரம் கரையேறியதுமே, பின்னால் பேலர் மாட்டிய டிராக்டர் வயலில் இறங்கிவிடுகிறது. வடுவூர் ஏரிக்கு வந்த பறவைகள் திரும்பத் தொடங்கும் அதே நாட்களில், கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிய லாரிகளும் வரிசையாகக் கிளம்புகின்றன.

முன்பெல்லாம் கையறுப்பு. களத்தில் அடித்து, வீட்டுக்கொரு வைக்கோல் போர் போடுவார்கள். இப்போது மாடும் குறைந்தது, ஆளும் குறைந்தது. வைக்கோலைக் கட்டி எடுக்க ஆள் வந்தால் போதும் என்ற நிலை. அதனால்தான் மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்திருக்கும் இளைஞர்கள்கூட பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, பேலர் மாட்டி, வாடகைக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால், வாங்கும் டிராக்டர் தவறினால் மொத்தமும் தவறிவிடும்.

காத்திருக்காத வேலை

வைக்கோல் கட்டும் வேலைக்கு நாள் குறைவு. காலைப் பனி காய்ந்து, ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் பேலரை இறக்க முடியும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும். தாமதிக்கவும் முடியாது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தெளித்த உளுந்து தாளடியில் முளைத்துக்கொண்டிருக்கும். வைக்கோல் மூடிக் கிடந்தால் முளை வெளுத்துப்போகும். நான்கு நாள் கழித்துச் சக்கரம் ஏறினால் செடி நசுங்கும். நடுவயலில் டிராக்டர் நின்றுவிட்டால், வயல்காரர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். அந்தப் பருவமே கையைவிட்டுப் போய்விடும்.

வடுவூருக்குப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணம் புரட்டியிருந்தார். முப்பது ஆண்டுகளாக டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு இரண்டு வண்டிகளைப் பார்க்கப் புறப்பட்டார்.

பளபளத்த வண்டி

முதல் வண்டி சாலையோரக் கொட்டகையில் நின்றது. புது பெயின்ட், புது சீட். மீட்டரில் ஓடிய மணி நேரமும் குறைவு. "அண்ணே, புதுசு மாதிரியே இருக்கே" என்றார் விவசாயி.

மெக்கானிக் பதில் சொல்லாமல் இன்ஜின் மேல் கையை வைத்தார். காலை ஏழு மணிக்கே சூடாக இருந்தது. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க தம்பி. குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பார்க்கணும். அதுலதான் அதோட வயசு தெரியும்" என்றார்.

ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை வந்தது. பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்ததன் அடையாளம் அது. சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் அளவுக் கம்பியில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டர் காட்டிய மணி நேரத்துக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. மீட்டரை மாற்றலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம்.

கடைசியாக அவர் பார்த்தது கிளட்ச். அது ஒற்றை கிளட்ச். உருளைக் கட்டு நிறைந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். பேலர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கயிறு சுற்றும். ஒற்றை கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். இரட்டை கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். உழவுக்கும் டிரெய்லருக்கும் ஒற்றை கிளட்ச் போதும். பேலருக்கு அது தினமும் தொல்லை.

வெளுத்துப்போன வண்டி

இரண்டாவது வண்டி மன்னார்குடி பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. இருபது வயது வண்டி. பெயின்ட் வெளுத்து, மட்கார்டு நெளிந்திருந்தது. ஆனால் இன்ஜின் குளிர்ந்திருந்தது, ஒரே சாவியில் பிடித்தது.

"சேத்துழவு ஓட்டினீங்களா ஐயா?" என்றார் மெக்கானிக்.

"எட்டு வருஷம் ஓட்டினேன் தம்பி. மறைக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

டெல்டாவில் பழைய வண்டி வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கிய வண்டியில், முன் ஹப்பிலும் பின் ஆக்ஸில் சீலிலும் பிரேக்கிலும் சேறு புகுந்திருக்கும். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டியபோது புஷ் ஆடியது. பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்மையாகத் தேயாமல் இருந்தன. ஆனால் சீலில் ஆயில் கசிந்தது. கலப்பையைத் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தினார்கள். பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. ஹைட்ராலிக் நன்றாக இருந்தது. பேலரின் பின்கதவைத் திறக்கும் ஹைட்ராலிக் இணைப்பும் இருந்தது.

பிறகு, பேலர் ஒன்றை மாட்டிப் பெரியவர் வயலிலேயே உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். பி.டி.ஓ. 540 சுற்றில் நிற்க வேண்டும். அடர்ந்த வரிசையில் இன்ஜின் சற்றுத் திணறி, கொஞ்சம் கரும்புகை விட்டு, உடனே தேறிக்கொண்டது. சூடு காட்டும் முள் ஏறவில்லை. கியர் நழுவவில்லை. சும்மா ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சுமையில்தான் உண்மை வெளியே வரும்.

காகிதமும் ஒரு பாகம்தான்

புஷ், சீல், இரண்டு முன் டயர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, விலையில் கழித்தார்கள். ஆனால் பணம் உடனே கைமாறவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பழைய வங்கிக் கடன் பதிவு அப்படியே இருந்தது. கடன் கட்டியாகிவிட்டது, ஆனால் பதிவை நீக்கவில்லை. வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து அதை நீக்கிய பிறகே, படிவம் 29, 30-ல் கையெழுத்து என்று பேசி முடித்தார்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால், பதிவு புதுப்பித்திருக்கிறதா என்றும், இன்ஜின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்தார்கள்.

இப்போது அந்த வண்டி வடுவூர் பக்கம் ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதெல்லாம் ரேடியேட்டர் வலையில் அடைத்த வைக்கோல் தூசியையும், சைலன்ஸர் ஓரம் சேர்ந்த சருகையும் தட்டிவிட்டுத்தான் அவர் கை கழுவுகிறார். ஒன்று இன்ஜினைச் சூடாக்கும், மற்றது தீப்பிடிக்கும். நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அடுத்த சம்பாவுக்குள் மீட்டுவிடலாம் என்பது அவர் மனைவியின் கணக்கு.