திதி தெரியாதவர்கள்

ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதினார். 1913இல் இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி இன்னொரு நூல் வெளியிட்டார். அதன் நீண்ட தலைப்பின் கடைசித் துண்டுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது: நினைவுக்கல் இல்லாதவர்களைப் பற்றிய குறிப்புகளும் உள்ளே உண்டு என்கிறது அது. கல்லைத் தேடிப் போனவருக்குக் கல் கிடைக்காதவர்களை விட்டுவர மனம் வரவில்லை. எழுதியது பெரும்பாலும் ஐரோப்பியரைப் பற்றித்தான். ஆனாலும் அந்த மனம் பெரியது.

அதே வன்னியிலுள்ள உடையார்கட்டில் மூதாதையரைத் தேடுகிறவர் சுடலைக்குப் போய்ப் பயனில்லை. எரித்து, காடாற்றி, சாம்பலைக் கடலில் கரைப்பது சைவர் வழக்கம். பெயர் பொறித்த கல் வேண்டுமென்றால் கிறிஸ்தவர்களின் சேமக்காலைக்குத்தான் போகவேண்டும். எங்கள் பதிவேடு வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். அந்தியேட்டியன்று அச்சடித்துக் கொடுக்கிற, கல்வெட்டு என்ற நினைவு மலர் அது.

போகிற வீடுகளிலெல்லாம் அதை எடுத்து வாசிப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். முதலில் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் வம்சாவளி. குடியேற்றத் திட்டங்களோடு யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வன்னிக்கு வந்த கதையை அந்த வம்சாவளிகளில்தான் படித்தேன்: எந்த ஊரில் பிறந்தார், எங்கே பெண் எடுத்தார், எந்த வாய்க்கால் ஓரம் காணி வெட்டினார். நடுவில் திதி வெண்பா. வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் நாலே அடிக்குள். பேரன் எந்த நாட்டில் இருந்தாலும் திவசநாளைக் கணித்துக்கொள்ளலாம். நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் பல எண்ணிமமாகிக் கிடக்கின்றன.

போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரியில், உடையார்கட்டை உள்ளடக்கிய பகுதியை அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அதே மாதம் அங்கே இயங்கிய ஆஸ்பத்திரி மீதும் எறிகணை விழுந்தது. செத்தவர்களை பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டுவிட்டுச் சனம் கிழக்கே நகர்ந்தது. அந்தியேட்டி ஏது, வெண்பா ஏது? விசுவமடுவில் பெயர் எழுதி வரிசையாக இருந்த மாவீரர் கல்லறைகளும் போருக்குப் பின் இடித்து அழிக்கப்பட்டன.

காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2010இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல், இறந்தார் என்று சொல்லாத இல்லாமைச் சான்றிதழும் வந்தது. மகன் இறந்தான் என்று கையெழுத்து வைக்கத் தாய்மார் பலர் இன்றைக்கும் மறுக்கிறார்கள். அந்த மறுப்பையும் மதித்தே பதிவு எழுதப்படவேண்டும். திதி தெரியாதவர்களுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும்: பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் சொன்னது. பக்கத்து பங்கரில் இருந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. வாசிகசாலையில் ஒரு கொப்பியை வைத்து, அவர்களை இருத்திக் கேட்டு, ஊர் ஊராக இந்த வருடமே எழுதத் தொடங்கலாம்.