வெட்டுப்புள்ளிக்கு இந்தப் பக்கம்

எங்கட ஊர்களில் ஒரு பிள்ளை நாலாம் ஆண்டுக்கு வந்தவுடனே வீட்டுக்குள்ள ஒரு சொல்லும் வந்துவிடும். ஸ்கொலசிப். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை என்று முழுப்பெயர் சொல்வது வினாத்தாளில் மட்டும்தான். மாமா வந்தாலும் அதைத்தான் கேட்பார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறவரும் அதைத்தான் கேட்பார். "தம்பி, இந்த வருசம் ஸ்கொலசிப்போ?" பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதற்கு வேறு எதுவுமே இல்லாத மாதிரி.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. ஒன்றில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். உருவத் தொடர், எண் கோலம், திசை, பொருந்தாததைக் கண்டுபிடித்தல் என்று பிள்ளையின் நுண்ணறிவைப் பார்க்கிற கேள்விகள். மற்றதில் 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல் என்று வகுப்பில் படித்தவை. கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம். நாடு முழுக்க ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப ஒரு வெட்டுப்புள்ளி வரும். அதற்கு மேலே நிற்கிறவர்கள் கொஞ்சப் பேர். மிச்ச எல்லாரும் இந்தப் பக்கம்.

நாங்கள் நாலு பேர். நாலு பேருமே மன்னார்ப் பிள்ளைகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். கடந்த 2025 சித்திரையிலிருந்து ஆவணி வரை, சனி ஞாயிறுகளில் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தினோம். பொதுநோக்கு மண்டபம், இரண்டு பாய், ஒரு கரும்பலகை, இருபத்திமூன்று பிள்ளைகள். அந்த நாலு மாதத்தில் எங்களுக்கு விளங்கின ஒரு விசயத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கட்டுக்கரையைப் பஸ்ஸில் இருந்து பார்க்காத ஆள் மன்னாரில் குறைவு. மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கம் போகும்போது நீளமாய்க் கட்டு தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு ராட்சதக் குளம் என்று பொருள்படுகிற பெயர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது என்று சொல்வார்கள். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவருகிற தண்ணிதான் இந்தக் குளத்துக்கு. இங்கிருந்துதான் கீழே இருக்கிற சின்னச் சின்னக் குளங்களுக்கும், முருங்கன், உயிலங்குளம், நானாட்டான், அடம்பன் பக்கத்து வயல்களுக்கும் தண்ணி போகிறது. மன்னாரின் சோறு இந்தக் குளத்தில்தான் கிடக்கிறது என்றால் மிகையில்லை.

ஆனால் குளத்துக்குக் கிட்ட இருக்கிற எல்லாருக்கும் வயல் இல்லை. எங்களிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாமார் கூலிக்குப் போகிறவர்கள், சிலர் குளத்தில் மீன் பிடிக்கிறவர்கள். ரியூசனுக்கு முருங்கனுக்கோ மன்னார் ரவுனுக்கோ போக வேண்டும். பஸ் காசு, ரியூசன் காசு, மாதிரி வினாத்தாள் புத்தகக் காசு, கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது பிரயோசனமில்லை.

நாங்களும் எல்லாரும் செய்கிற மாதிரி மாதிரி வினாத்தாளோடுதான் தொடங்கினோம். கிழமைக்கு இரண்டு தாள், திருத்தல், விளக்கம். மூன்றாவது கிழமை ஒரு விசயம் கண்ணில் பட்டது. கடைசிப் பாயில் இருந்த ஏழெட்டுப் பிள்ளைகள் கேள்வியைப் பார்க்காமலே விடைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் இருக்கிற கேள்வியில் நல்லாய்ச் செய்தார்கள். எழுத்து மட்டும் இருக்கிற கேள்வியில் ஒரே நேர்கோட்டில் எல்லாவற்றுக்கும் இரண்டாம் விடை.

அடுத்த சனிக்கிழமை தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னோம். இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. இந்தியாவில் பிரதம் என்கிற அமைப்பு 2005இலிருந்து வீடுவீடாகப் போய் இப்படித்தான் பார்க்கிறது. எழுத்து, சொல், பந்தி, கதை என்று நாலு படி. பிள்ளை எந்தப் படியில் நிற்குது என்று அறிய ஒரு தாளும் இரண்டு காதும் போதும். ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை இரண்டாம் ஆண்டுப் பந்தியை வாசிக்கத் தடுமாறுவதை இந்த எளிய வழிதான் ஊருக்குக் காட்டியது.

எங்கட இருபத்திமூன்று பேரில் ஆறு பேர் தங்குதடை இல்லாமல் வாசித்தார்கள். பத்துப் பேர் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். வசனம் முடியும்போது தொடக்கம் மறந்துபோகும். ஏழு பேருக்குச் சொல்லே வரவில்லை. அதில் ஒருத்தன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னான். விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில்.

ஏன் இப்படி என்று யோசித்தால் கணக்கு நேரே வருகிறது. 2025இல் ஐந்தாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள் முதலாம் ஆண்டுக்குப் போனது 2021இல். 'அ' எழுதப் பழகவேண்டிய மாதங்களில் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பாடம் வாட்ஸப்பில் வந்தது. அப்பாவிடம் பட்டன் போன் இருக்கிற வீட்டுக்கு அது வரவில்லை. இரண்டாம் ஆண்டு 2022. எரிபொருள் இல்லை, ரீச்சர்மார் வந்து சேர வழியில்லை, திரும்பவும் பூட்டு. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, புத்தகம் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டது, பிள்ளைகளும் அதோடு போனார்கள். விட்டுப்போன 'அ'வுக்குத் திரும்பிப் போக ஒருவருக்கும் நேரம் இல்லை. ஏனென்றால் முன்னால் ஸ்கொலசிப் நிற்கிறது.

கணக்கிலும் இதே கதைதான், ஆனால் வேறு மாதிரி. ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி கொடுத்தோம்: "ஒரு தோட்டத்தின் நான்கில் மூன்று பங்கில் கத்தரியும் மிகுதியில் மிளகாயும் நடப்பட்டுள்ளன. மிளகாய் நடப்பட்ட பகுதி 6 ஏக்கர் எனின் தோட்டத்தின் மொத்தப் பரப்பளவு யாது?" இருபத்திமூன்று பேரில் சரியாகச் செய்தது நாலு பேர். கொப்பியை மூடச் சொல்லிவிட்டு வாயால் கேட்டோம்: "உங்கட வயல்ல முக்கால்வாசியில நெல்லு, மிச்சத்தில உழுந்து. உழுந்து ஆறு ஏக்கர். அப்ப வயல் எவ்வளவு?" பந்தி வாசிக்க வராத ஒரு பிள்ளை உடனே சொன்னாள்: "இருபத்திநாலு. ஆனா ஆறு ஏக்கருக்கு ஆர் அண்ணா உழுந்து போடுறது?"

இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் புதுசு இல்லை. காலபோகத்தில் வயல் முழுக்க விதைப்பார்கள். சிறுபோகம் வந்தால் குளத்தில் எவ்வளவு தண்ணி நிற்குது என்று பார்த்து, கூட்டம் வைத்து, வயலில் ஒரு பங்குக்குத்தான் விடுவார்கள். எத்தனை ஏக்கருக்கு எத்தனை ஏக்கர் என்கிற கதை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். பங்கு என்றால் என்ன, மிச்சம் என்றால் என்ன, கால் குறைந்தால் யாருக்கு நட்டம் என்பது அவர்களுக்கு நல்லாய்த் தெரியும். தெரியாதது 'எனின்'. தெரியாதது 'யாது'. கணிதத்தில் போகிற புள்ளி பாதி தமிழில் போகிற புள்ளி.

இந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது. பாடசாலை ஒன்றில் பொறுப்பாக இருந்த ஒருவர் எங்களைக் கூப்பிட்டு அன்பாகவே சொன்னார்: "தம்பியவை, நல்ல வேலை செய்யிறியள். ஆனா எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகேலாது. அந்த ஆறு பேரையும் பிடியுங்கோ. ரெண்டு பேர் எண்டாலும் பாஸ் பண்ணினா பள்ளிக்கூடத்துக்கும் பேர், உங்களுக்கும் பேர்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். எத்தனை பேர் சித்தி என்ற ஒரே கேள்வியைத்தான் அவரிடமும் மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2001இல் எந்தப் பிள்ளையும் பின்தங்கக்கூடாது என்ற பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் தரத்திலிருந்து எட்டாம் தரம் வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. அங்கேயும் ஆய்வாளர்கள் கண்டது என்னவென்றால், பல பள்ளிக்கூடங்களில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளினார்கள், கோட்டிலிருந்து தூரத்தில் நின்ற பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். எந்த ஊரிலும் கோடு போட்டால் கண் கோட்டைத்தான் பார்க்கும் போல.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சை கூடவே கூடாது என்று கம்பஸில் இருந்து வசனம் பேசுவது லேசு. 1940களில் கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு வழி வேண்டும் என்றுதான் புலமைப்பரிசில் வந்தது. இன்றைக்கும் அந்த வழி முழுக்க அடைபடவில்லை. எங்களில் ஒருத்தி அந்த வழியால் வந்தவள். வெட்டுப்புள்ளி எடுத்து, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், விடுதியில் இருந்து படித்து, கம்பஸ் வந்தாள். "எனக்குக் கிடைச்சதை அந்த ஆறு பேருக்கும் வேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்?" என்று அவள் கேட்டபோது எங்கள் மூன்று பேரிடமும் பதில் இல்லை.

ஆறு பேரில் ஒரு பிள்ளையின் அம்மா ஒரு நாள் வந்து பாயில் இருந்தா. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். "பிள்ளை, இவன் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போனா நான் எப்பிடியாவது பார்த்துக்கொள்ளுவன்" என்றா. அவவிடம் போய்க் கல்விக் கொள்கை கதைக்க முடியாது.

அதனால் நேரத்தைப் பிரித்தோம். காலையில் ஆறு பேருக்கும், விரும்பி இருந்த மற்றவர்களுக்கும் வினாத்தாள். பத்து மணிக்குப் பிறகு எல்லாருக்கும் வாசிப்பு மட்டும். பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. உரப் பையில் இருக்கிற எழுத்து, பஸ்ஸின் பெயர்ப்பலகை, பழைய பேப்பர், கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கதைப் புத்தகம். நல்லாய் வாசிக்கிற ஆறு பேரையும் மற்றவர்களோடு சோடி சேர்த்தோம். பெற்றோர் சிலர் இதை விரும்பவில்லை. "உர பாக்கை வாசிக்கிறதுக்கோ பிள்ளையை அனுப்பினது?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடி மாதம் அவரே, மகன் அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்து அடுத்த திகதியை வாசித்துச் சொன்னதை எங்களிடம் வந்து சொன்னார். அந்த வீட்டில் அதுவரை அதை வாசித்துச் சொல்ல அடுத்த வீட்டு ஆளைத்தான் கூப்பிட்டார்களாம்.

பரீட்சை ஆவணி 10, ஞாயிற்றுக்கிழமை. மடுத் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. பாதி ஊர் மடுவுக்குக் கூடாரம் கட்டப் போகிற அவசரத்தில் இருந்தது. செப்டெம்பரில் பெறுபேறு வந்தது. எங்கள் இருபத்திமூன்று பேரில் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே. பாயில் வந்திருந்த அந்த அம்மாவின் மகன் இல்லை, வேறு ஒரு பிள்ளை. அவன் சில புள்ளிகளால் இந்தப் பக்கம் நின்றுவிட்டான். அது எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. ஆறு பேருக்கு இரண்டு நாள் முழுவதையும் கொடுத்திருந்தால் அவன் மேலே போயிருப்பானா? போயிருக்கலாம். அப்போது அந்த ஏழு பேரும் எழுத்தில் நின்ற இடத்திலேயே ஆறாம் ஆண்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த ஏழு பேரில் ஐந்து பேர் இப்போது பந்தி வாசிக்கிறார்கள். மெதுவாக, விரல் வைத்து, ஆனால் விரலும் வாயும் ஒரே வரியில். இதற்கு வெட்டுப்புள்ளி இல்லை, பள்ளிக்கூட வாசலில் படத்தோடு பதாகை இல்லை, யாரும் வீட்டுக்குப் பால்சோறு கொண்டுவரப் போவதில்லை. ஆறாம் ஆண்டில் வரலாறும் விஞ்ஞானமும் வாசித்துத்தான் விளங்க வேண்டும். அதற்கு இவர்களிடம் இப்போது ஒரு பிடி இருக்கிறது.

ஸ்கொலசிப்பை நிறுத்த வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. 2024இல் வினாத்தாளின் கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனபோது இன்னும் பலமாக வந்தது. அதை முடிவெடுக்கிறவர்கள் முடிவெடுக்கட்டும். எங்களைப் போல ஊருக்குப் போய் வகுப்பு எடுக்க நினைக்கிற கம்பஸ் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாதிரி வினாத்தாள் கட்டை அவிழ்க்க முதல், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி ஒரு பந்தி வாசிக்கக் கேளுங்கோ. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம், அவர்கள் சிரித்தால் அந்தப் பிள்ளை பிறகு வராது. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். இருபத்திமூன்று பேருக்கும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடியும். பகுதி இரண்டு வினாத்தாளுக்குக் கொடுக்கிற அதே நேரம்.

இந்த வருசப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறார்கள். முதல் மாதம் தாள் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டோம். உர பாக்குக் கேள்வியைக் கேட்ட அந்த அப்பாதான் எழும்பி மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.