செம்புக் குழலைத் துலக்குதல்

ராமச்சந்திராபுரத்தில், பாரத மிகுமின் நிறுவனக் குடியிருப்பை ஒட்டிய இரண்டாம் மாடி வீடொன்றில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் சமையலறை மேடையில் பழைய தினத்தாளை விரித்து, அதன்மேல் ஒரு செம்புக் குழலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலைவிடச் சற்றே பருமன். நீளம் அரைச் சாணுக்குக் குறையாது. இரவுப்பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மகனின் கால்சட்டைப் பையிலிருந்து, துணியை இயந்திரத்தில் போடும்போது மனைவி எடுத்துக் கொடுத்தது அது.

"ஏங்க, இது டார்ச் லைட்டா?"

"டார்ச்சுக்கு முகப்புல கண்ணாடி வேணாமா?" என்று கேட்டுவிட்டு வாங்கிப் பார்த்தவர், அதை முகர்ந்தார். மாம்பழ வாசனை அடித்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

அவர் திருச்சிக்காரர். திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் மாற்றலாகி ராமச்சந்திராபுரத்தின் சுழலிப் பிரிவுக்கு வந்தவர். இரண்டும் 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு எழுந்த ஆலைகள். முப்பது ஆண்டுகள் மரைகளையும் இடைவெளிகளையும் தொட்டுப் பழகிய விரல்களுக்கு, அந்தக் குழலின் கட்டமைப்பு விளங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே ஒரு மின்கலம். அடியில் ஒரு பொத்தான். மேலே ஒரு சிறு கிண்ணம். அதற்குள் கம்பிச்சுருள், சுருளுக்குள் பஞ்சு, பஞ்சில் ஒட்டும் திரவம். பொத்தானை அழுத்தினால் அடித்தொடுப்பு கலத்தைத் தொடும், மின்னோட்டம் குழலின் உடல் வழியாகவே ஏறிச் சுருளைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும். மின்னணுப் பலகை, உருகி, வெட்டுச்சாதனம் எதுவும் இல்லை. பயன்படுத்துவோர் இதனை 'மெக்கானிக்கல் மாட்' என்பர்.

இன்றைய மின்சிகரெட்டின் முன்வடிவுக்கு 1960களிலேயே அமெரிக்கர் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார்; சந்தைக்கு வந்த வடிவம் 2003இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கியது. பின்னாளில் கடைகளில் விற்ற கருவிகளில், மின்னோட்டத்தைக் கண்காணித்து ஆபத்தில் நிறுத்தும் பலகைகள் பொருத்தப்பட்டன. மெக்கானிக்கல் மாட் அவற்றை வேண்டுமென்றே விலக்கியது. பலகை செய்ய வேண்டிய காவலை, கையில் வைத்திருப்பவரின் அறிவும் துப்புரவும் செய்ய வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. அழகுக்காக மட்டும் துலக்கப்படும் பொருளன்று அது.

ஃபிட்டர் கிண்ணத்தைக் கழற்றி, கலத்தை வெளியே எடுத்துத் தனியே வைத்தார். கலத்தை எடுக்காமல் எதையும் தொடக்கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடித்தொடுப்பு கறுத்து, நடுவில் அம்மைத் தழும்புபோலக் குழிந்திருந்தது. மின்பொறி தாவித்தாவித் தின்ற இடம். மரையின் சுற்றுகளில் கருமையான பசை. செம்பின் ஆக்சைடும் வழிந்த திரவமும் சேர்ந்து இறுகியது. அதை நகத்தால் சுரண்டியபோது அவர் முகம் சுருங்கியதற்குக் கணக்கே போதுமான காரணம். முழு மின்னேற்றம் பெற்ற கலம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.2 ஓம் என்று கொண்டால் ஓடுவது 21 ஆம்பியர். அழுக்கடைந்த தொடுப்பு வெறும் 0.01 ஓம் தடையைக் கூட்டினால், மின்னோட்டம் 20 ஆம்பியராகக் குறையும்; அந்தத் தொடுப்பிலேயே 4 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு பட்டாணி அளவு பரப்பில் 4 வாட் என்பது சிறிதன்று. ஆவி குறைகிறதே என்று பயன்படுத்துபவர் இன்னும் நீளமாக அழுத்துவார். சூடு மேலும் ஏறும். பொத்தானின் சுருள்வில் பதம் இழக்கும்.

அவர் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். திரவத்தில் நிகோட்டின் இருப்பின் அது தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டார். பாகங்களை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்தார். ரப்பர் வளையங்களையும், நேர்முனையைக் குழலுடலிலிருந்து பிரிக்கும் வெண்ணிறக் காப்பு வளையத்தையும் தனிக் கிண்ணத்தில் இட்டார். பழைய பல்துலக்கி ஒன்று வந்தது. பிறகு மனைவியிடம் புளி கேட்டார்.

குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் புளி என்பது காவிரிக்கரை வீடுகளில் எழுதப்படாத விதி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடும். உப்பு ஒரு சிட்டிகை சேர்ந்தால் விரைந்து கரைக்கும். மேல்நாட்டில் இக்கருவிகளை வைத்திருப்போர் எலுமிச்சையையும் வினிகரையும் தக்காளிச் சாற்றையும் கொண்டு செய்வதும் இதே வேதியியல்தான். குழல் இரண்டு நிமிடத்தில் ரோஜா நிறம் கொண்டது. ஆனால் பொத்தானின் தொடுப்பில் மெல்லிய வெள்ளிப் பூச்சு மிஞ்சியிருப்பதைக் கண்டு, அதில் புளியையும் தேய்ப்புத்தாளையும் படவிடாமல், மருந்துக்கடைச் சாராயத்தில் நனைத்த துணியால் மட்டும் ஒற்றி எடுத்தார்.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய இழப்பு இருந்தது. ஓய்வுபெற்ற நாளில் நண்பர்கள் அவருக்குப் பித்ரிச் சாடி ஒன்றைப் பரிசளித்தனர். பெரும்பங்கு துத்தநாகமும் சிறுபங்கு செம்பும் கலந்த வார்ப்பு. அதில் செதுக்கிய கோடுகளுக்குள் வெள்ளிக் கம்பி பதித்து, பீதர்க் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்த நீரில் இட்டால், உலோகம் மட்டும் கறுக்கும், வெள்ளி வெண்மையாகவே நிற்கும். 2006இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. முதல் பொங்கலுக்கு வீட்டுப் பாத்திரங்களோடு அதுவும் புளியில் குளித்தது. கருமை திட்டுத்திட்டாகப் போயிற்று. மும்பை நெடுஞ்சாலையில் ஜஹீராபாத் வரை சென்று, அங்கிருந்து பீதருக்குத் திரும்பி, ஒரு கைவினைஞரிடம் கொடுத்து மீண்டும் கறுப்பேற்றி வந்தார். எண்ணெய் தடவிய மெல்லிய துணி போதும், அமிலம் கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார் அவர்.

அந்தப் பட்டறையில் விரிசல் விட்ட பழைய உக்கா அடிக்கலம் ஒன்று கிடந்ததாம். பித்ரியின் பெயர்பெற்ற வடிவங்களுள் அதுவும் ஒன்று. சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் வெள்ளிப் பூக்களோடு நிற்பவை அவை. புகையிலை முகலாய அவைக்குச் சென்ற வழியும் தக்காணமே. 1600களின் தொடக்கத்தில் பீஜப்பூருக்குத் தூதுசென்ற அசத் பேக், அங்கு கண்ட புகையிலையையும் மணி பதித்த குழலையும் அக்பரிடம் கொண்டுவந்து கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். அரண்மனை மருத்துவர் அப்போதே மறுத்தார். 1617இல் ஜஹாங்கீர் தடைவிதித்தார். தடைக்குப் பின்னும் உக்கா நாடெங்கும் பரவியது என்பதை அருங்காட்சியகங்களே சொல்லும்.

உக்காவைத் துப்புரவாக வைப்பது அன்று தனித்தொழில். நீர் மாற்றவும், நெடுங்குழாயை நனைத்துக் கழுவவும், கரியைக் கனியவைக்கவும் 'உக்காபர்தார்' என்றொரு பணியாள் இருந்தார். 1779இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பு, உக்காபர்தாரைத் தவிர வேறு ஏவலரை அழைத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. புகைத்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. துலக்கியவரின் பெயர் தேடினாலும் கிடைக்காது. புகையின் பண்பாட்டு வரலாற்றை எழுத முற்படும் மாணவர் எவரேனும் பராமரிப்பின் பக்கமிருந்து தொடங்கினால் நல்ல ஆய்வொன்று பிறக்கும், இது இடைக்குறிப்பு.

இன்றைய நிலை வேறு. தமிழ்நாடு 2018இல் மின்சிகரெட்டைத் தடைசெய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச்சட்டம் கொண்டுவந்தது; அவ்வாண்டு டிசம்பரில் அது சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் குற்றத்தில் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ உண்டு. தெலங்கானா 2024 பிப்ரவரியில் உக்கா நிலையங்களையும் மூடச் சட்டம் இயற்றியது. பீடியும் சிகரெட்டும் தெருமுனைக் கடையில் தொங்குகின்றன. இங்கிலாந்திலோ 2023இல், சிகரெட்டைக் கைவிடப் பத்து லட்சம் பேருக்கு இலவச ஆவிக்கருவி வழங்கும் திட்டத்தை அரசே அறிவித்தது. எது சரி என்று பொதுநலவியலார் வாதிடட்டும். ஆனால் தடையின் பக்கவிளைவு ஒன்று பேசப்படுவதே இல்லை: கருவி மறைவாக வந்துவிடுகிறது, கையேடு வருவதில்லை. கேட்டுத் தெளிய ஒரு கடை இல்லை. பெற்றோரிடம் காட்ட முடிவதில்லை. கால்சட்டைப் பைக்குள் கிடந்து அழுக்கடைகிறது.

குழல் காய்ந்துகொண்டிருக்கையில் அவர் கலத்தைக் கையிலெடுத்தார். 18650 வகை, விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. பழைய மடிக்கணினிகளுக்குள் இருந்ததும் பெரும்பாலும் இதுவே. அதன் உறை, பக்கவாட்டில் ஒரு நெல்மணி அளவுக்குக் கிழிந்திருந்தது.

அங்கேதான் அவர் உட்கார்ந்துவிட்டார். இவ்வகைக் கலத்தின் மேல்நுனி மட்டுமே நேர்முனை; மற்ற உடல் முழுவதும் எதிர்முனை. இரண்டையும் பிரித்துக் காப்பது தாள்போன்ற அந்த உறையும் நுனியிலுள்ள ஒரு வளையமும். கிழிந்த இடத்தில் கலத்தின் உடல் குழலின் உட்சுவரைத் தொட்டால், பொத்தானுக்கு வேலையே இல்லை. அழுத்தாமலேயே சுற்று மூடிக்கொள்ளும். பைக்குள், தொடையருகே, சுருள் தானாகக் கனன்றுகொண்டிருக்கும். கலம் அளவுமீறிச் சூடேறினால் உள்ளிருந்து வாயு பீறிடும். அது வெளியேறவே குழலின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவர் ஊசியால் குத்திப் பார்த்தார். மூன்று துளைகளில் இரண்டு, பையின் நூற்பிசிறும் பசையும் சேர்ந்து அடைந்திருந்தன. பாதுகாப்பு வால்வை அடைத்துவிட்டுக் கொதிகலனை எரியவிடுவது எப்படி முடியும் என்பதைத் திருவெறும்பூரில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். 2018 மே மாதத்தில் ஃபுளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சாசிலும் ஆவிக்கருவி வெடித்து ஒவ்வொருவர் இறந்தனர்.

கலத்தின் இரு முனைகளிலும் காப்புநாடா ஒட்டி, அதை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, பால்கனியில் வைத்துவிட்டு வந்தார்.

மகன் மூன்று மணிக்கு எழுந்து வந்தான். மேடையில் தினத்தாளின்மேல் செம்பு பளபளத்ததைக் கண்டு வாசலிலேயே நின்றான்.

"சிகரெட்டை விட்டு எட்டு மாசம் ஆச்சுப்பா. இதை வச்சுதான் விட்டேன்."

இதய அறுவைக்குப் பிறகே சிகரெட்டை விட்ட தந்தை அதற்குப் பதில் சொல்லவில்லை.

"இந்தச் சுருள் எத்தனை ஓம்?"

"தெரியாதுப்பா. சுத்தியே வாங்கினேன்."

"பேட்டரி எத்தனை ஆம்பியர் தாங்கும்?"

மகன் சும்மா இருந்தான். காலையிலிருந்து அடக்கியிருந்த கோபம் அப்போதுதான் அவர் குரலில் ஏறியது. புகைத்ததற்காக எழாத கோபம் அது. "இருபது ஆம்பியரைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு லிங்கம்பள்ளியில லோக்கல் ட்ரெயின் ஏறியிருக்க. எத்தனை ஓம்னு தெரியாம." மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேநீருக்குப் பால் வைத்தார்.

சற்று நேரம் கழித்து, அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சீசாவிலிருக்கும் கலம் திரும்ப வராது என்று சொன்னார். குழல் வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் புதுக் கலம் போடுவதற்கு முன்னால் தாம் பார்க்கவேண்டும் என்றார். அடிமூடியை மட்டும் துலக்காமல் வைத்திருந்தார். அடைந்த துளைகளும் மரையின் கருமையும் அப்படியே இருந்தன. ஊசியை மகனிடம் கொடுத்து, துளையை எந்தப் பக்கமிருந்து குத்த வேண்டும் என்று காட்டினார். உள்ளிருந்து வெளியே; அழுக்கு திரும்ப உள்ளே போகக்கூடாது.

மகன் மூன்று துளைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பல்துலக்கியை எடுத்தான். மரையின் முதல் சுற்றிலிருந்து தொடங்கினான்.