எதிரெதிர் சுவர்கள்

போன லீவில் துபாயிலிருந்து கொச்சியில் இறங்கி, போர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குப் போனோம். 1503ல் போர்த்துக்கீசியர் மரத்தில் எழுப்பி, பிறகு கல்லில் கட்டிய கத்தோலிக்கக் கோயில். 1663ல் டச்சுக்காரர்கள் பிடித்துத் தங்கள் சபையாக்கினார்கள். பிறகு ஆங்கிலேயர்கள், இப்போது சி.எஸ்.ஐ. ஒரு சுவரில் போர்த்துக்கீசியர் கல்லறைக் கற்கள், எதிர்ச்சுவரில் டச்சுக்காரர்களுடையவை. அடித்துக்கொண்டவர்களுக்கு ஆண்டவர் வீட்டில் ஒரே கூரை!

எனக்குச் சுருக்கென்றது. வேறு சபைப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று தங்கையோடு ஆறு வருஷமாக நான் பேசவில்லை. லூக்கா 15ல் தகப்பன் கெட்ட குமாரனை ஓடிப்போய் அணைத்துக்கொண்டார், சரி. கோபித்துக்கொண்டு வாசலில் நின்ற மூத்தவனையும் வெளியே வந்து கூப்பிட்டாரே! அந்த மூத்தவன் நான்தான்.

அங்கிருந்தே போன் போட்டேன். "எப்பண்ணே வீட்டுக்கு வர்றே?" என்றாள்.